ஷெட்டில் நிற்கும் ஹெரால்டு: நாமே பிரிப்பதா, ஆள் வைத்துச் செய்வதா, பட்டறைக்கு அனுப்புவதா?

பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகள் முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம் போன்றவை) திறக்கும்போது, கூடவே பின்கட்டுக் கார் ஷெட்டும் திறக்கும். உள்ளே பழைய வேட்டியோ தார்ப்பாயோ போர்த்தி ஒரு வண்டி நிற்கும். மோரிஸ் மைனர், ஃபியட், அம்பாசடர், சில வீடுகளில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பேரப்பிள்ளைகள் கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வரும். "அண்ணே, ஐயா வண்டியை எப்படியாவது ஓடவைக்கணும். நாமளே பிரிக்கலாமா, யார்கிட்டயாவது குடுத்துரலாமா?"

காரைக்குடியில் எங்கள் வீட்டு ஷெட்டில், என் ஐயா (தாத்தா) வாங்கிய இரண்டு கதவு 1964 ஹெரால்டை மூன்று வருஷம் பிரித்துச் சேர்த்தேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்ற வண்டிகளுக்கும் பாதிக்குமேல் பொருந்தும்.

ஹெரால்டை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் பிரித்துச் சேர்க்க அதைவிடத் தோதான பழைய கார் நம் ஊரில் இல்லை. சென்னையை ஒட்டி வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ், 1961 முதல் அதைச் செய்தது. மூலம் இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டு. வடிவம் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கலாட்டி போட்டது. அந்தக் காலத்தில் மற்ற கார்கள் பெரும்பாலும் பாடியும் சேசிஸும் ஒன்றாகப் பற்றவைத்த கூடாக மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு தனிச் சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டிய பாடி என்று வந்தது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முழு முகமும் முன்னால் சாயும். எஞ்சின் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இதனால்தான் இங்கிலாந்தில் ஹெரால்டு சேசிஸை எடுத்து, அதன்மேல் வேறு பாடி வைத்து ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி என்று கிட் கார்களே செய்தார்கள். அது நமக்கு ஆகுமா என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

## முதலில் எதை வைத்து முடிவெடுப்பது

எல்லோரும் "எவ்வளவு செலவாகும்?" என்று தொடங்குகிறார்கள். நான் கடைசியாகக் கேட்பது அது.

துரு எங்கே இருக்கிறது. மேலே தெரியும் துரு பெரிய விஷயமில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸிலிருந்து இரு பக்கமும் கைபோல நீண்டு பாடியைத் தாங்கும் கிளைகளை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் நல்ல தகடு. டப் என்று அமுங்கினால் வெல்டிங் வேலை கட்டாயம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஷெட்டுகளில் மூடி நின்ற வண்டிகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவை. தொண்டிப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டியின் கதை வேறு. உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று ஆராய்வதற்கென்றே நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு கூடம் வைத்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து, 1953 பொங்கலன்று திறந்த நிலையம் அது. அரிமானம் அவர்கள் காலங்காலமாகப் படிக்கும் பாடம். நம் உள்நாட்டு ஷெட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் ரப்பர், வயரிங், குஷன். காய்ந்து வெடித்த ஹோஸ், எலி கடித்த வயர், சீட்டுக்குள் எலிக்கூடு.

பிரித்தது யார் கை. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பழைய வண்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்புவது துரு இல்லை. பாதி பிரித்து, பிரித்தவர் வராமல் போய், எது எங்கே மாட்டியிருந்தது என்று தெரியாமல் கிடக்கும் மூட்டைகள்தான் அனுப்புகின்றன.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஹெரால்டு பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே, போல்ட் போகும் ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய தகடு வாஷர்கள் இருக்கும். ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் மூன்று. பாடியைத் தூக்கும்போது போல்ட்டுகளையெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, "முன் இடது", "பின் வலது" என்று சீட்டு ஒட்டிப் பத்திரமாக வைத்தேன். தகடுகளை மட்டும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டேன். திரும்பப் பூட்டியபோது வலது கதவு மேலே இடித்தது, கீழே சுண்டுவிரல் நுழைய இடைவெளி. அந்தத் தகடுகள்தான் பாடியை நேராக நிறுத்தி, கதவு இடைவெளியைச் சரியாக வைத்திருந்தவை. ஒன்று வைப்பதும், முறுக்குவதும், கதவைச் சாத்திப் பார்ப்பதும், தளர்த்துவதுமாக நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. என் கையால் பிரித்ததால் என்ன தவறு என்றாவது எனக்குத் தெரிந்தது. வேறொருவர் பிரித்துப் போட்டிருந்தால் கதவையே குற்றம் சொல்லி, சுத்தியலால் அடித்திருப்பேன்.

கெடு. அப்பச்சி (அப்பா) சாந்திக்கு வண்டி ஓட வேண்டும் என்று தேதி வைத்திருக்கிறீர்களா? தேதி இருந்தால் சில வழிகள் தாமே அடைபட்டுவிடும். வாரம் ஒரு ஞாயிறு, ஆறு மணி நேரம் என்றால் வருஷத்துக்கு முந்நூறு மணி நேரம். முழு வண்டியைப் பிரித்துச் சேர்க்க அதைப்போலச் சில மடங்கு வேண்டும்.

காகிதம். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? நம் வீடுகளைப் போலவே வண்டியும் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற வாரிசுச் சான்றிதழும், படிவம் 31-ம், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். இதை வாங்காமல் ஸ்பானரைத் தொடாதீர்கள். வண்டி மினுமினுவென்று ஆனபிறகு கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

பணம். எஞ்சின் வேலைக்கு ஓரளவு கணக்குச் சொல்லலாம். டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் முன்கூட்டிச் சொல்லவே முடியாது. பழைய பட்டியைச் சுரண்டினால்தான் அடியில் தகடு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். முலாம் பூசுவது, குஷன், கண்ணாடி ரப்பர் ஆகிய மூன்றையும் எல்லோரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மூன்றும் கடைசியில், கையில் காசு தீர்ந்த நேரத்தில் வரும்.

## வழி ஒன்று: ஷெட்டிலேயே, நம் கையால்

இது ஆசைப்பட்டவர்களுக்கான வழி. கூலி கிடையாது, அவசரம் கிடையாது, வண்டியின் ஒவ்வொரு மரையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹெரால்டு இதற்கு இசைந்து கொடுக்கும். 948 சி.சி. எஞ்சின் சிறியது, இரண்டு பேரும் ஒரு செயின் பிளாக்கும் போதும்.

மறைந்திருக்கும் செலவு கருவியில் தொடங்குகிறது. வீட்டில் இருக்கும் 10, 12, 14 ஸ்பானர்கள் இதற்கு ஆகாது. ஹெரால்டு இங்கிலீஷ் அளவு: 7/16, 1/2, 9/16. மில்லிமீட்டர் ஸ்பானரைக் கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று போட்டால் போல்ட் தலை வழுக்கி உருண்டையாகிவிடும், பிறகு கேஸ் வைத்து வெட்டத்தான் வேண்டும். ஃபியட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது மில்லிமீட்டர் வண்டி.

அடுத்தது வீடு. நம் வீடுகளின் வயரிங் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்டது. வெல்டிங் மெஷினையோ பெரிய கம்ப்ரஸரையோ அதில் செருகக்கூடாது, மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். பர்மாத் தேக்குத் தூணும் கதவும் நிறைந்த வீட்டில் வெல்டிங் பொறி பறப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். ஷெட் வீட்டோடு ஒட்டியிருந்தால் வெல்டிங்கை அங்கே வைக்காதீர்கள். பெட்ரோல் டேங்க்கில் நீங்களாக வெல்டிங் செய்யவே கூடாது. காலியான டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

பெயிண்டும் அப்படியே. இப்போது எல்லோரும் கேட்கும் டூகே (2K) பெயிண்டை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் மூச்சைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. முகத்தில் துண்டு கட்டுவதால் அதைத் தடுக்க முடியாது. தூய காற்றைக் குழாயில் தரும் முகமூடி வேண்டும். வளவில் குழந்தைகள் விளையாடும் வீட்டில் இதை அடிப்பதை நான் ஒப்பமாட்டேன். பிரேக் டிரம்மைக் கழற்றும்போது தூசியை ஊதித் தள்ளுவதும் வேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

துருவுக்கு ஒரு வார்த்தை. சுவர்ச் சாந்தில் கடுக்காய் ஊறல் சேர்த்துக் கட்டிய ஊர் நம்முடையது. கடுக்காயில் இருக்கும் டானின் இரும்புத் துருவோடு சேர்ந்தால் கறுப்பாகப் படியும். கடையில் வாங்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் சிலவற்றில் வேலை செய்வதும் டானிக் அமிலம்தான். அதற்காக வீட்டுக் கடுக்காய்த் தண்ணீரை நம்பி மேலே ப்ரைமர் அடிக்க வேண்டாம். உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, அளவு தெரிந்த சரக்கைப் பூசுவதே நிலைக்கும்.

ஊரிலேயே இருப்பவர், சேசிஸ் நன்றாக இருப்பவர், கெடு இல்லாதவர் இந்த வழியில் போகலாம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வருஷத்துக்கு இரண்டு முறை வருபவருக்கு இது ஆகவே ஆகாது.

## வழி இரண்டு: வண்டி நம் வீட்டில், ஆள் வெளியிலிருந்து

நான் கடைசியில் வந்து சேர்ந்த வழி. பிரிப்பதும் பூட்டுவதும் நான். டிங்கர் இரண்டு வாரம் வீட்டுக்கு வந்து, ஷெட்டுக்கு வெளியே பொட்டலில் வைத்துத் தகடு வேலை பார்த்தார். எஞ்சின் பிளாக்கையும் கிராங்க்கையும் மட்டும் மதுரைக்கு எடுத்துப்போய் போரிங், கிரைண்டிங் செய்து வந்தேன். பெயிண்ட் பூத் உள்ள கடையில் அடித்தது. குஷன் வேலை காரைக்குடியிலேயே முடிந்தது.

இதன் நல்ல பக்கம், வண்டி மொத்தமாக ஒருபோதும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஒரு பாகம் போகும், திரும்பி வரும், அடுத்தது போகும். கொடுத்ததும் வாங்கியதும் நோட்டில் இருக்கும்.

கெட்ட பக்கம், நீங்களே மேஸ்திரி ஆக வேண்டும். டிங்கருக்கு ஹெரால்டு புதிது. கையில் திறமை இருக்கும், இந்த வண்டியின் குணம் தெரிந்திருக்காது. இதற்கு ஒரு உதாரணம் போதும். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் ட்ரனியன் என்று ஒரு பித்தளைக் கட்டை உண்டு. தண்டு மரை மரையாக அதற்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் சுழலும். அதற்குள் கியர் ஆயில் போக வேண்டும். பார்த்தால் கிரீஸ் கன் வைக்கும் இடம் போலவே இருப்பதால் எந்த மெக்கானிக்கும் கிரீஸ்தான் அடிப்பார். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. உள்ளே ஈரம் தங்கி, தண்டு துருப்பிடித்து, ஒருநாள் வளைவில் பட்டென்று முறியும், சக்கரம் படுத்துக்கொள்ளும். என் வண்டியில் இடது பக்கக் கட்டையைக் கழற்றியபோது உள்ளே களிம்பு நிறத்தில் இறுகிப்போன கிரீஸ்; தண்டின் மரையில் நகம் மாட்டும் அளவுக்கு அரிப்பு. அந்த மெக்கானிக்குகள் யாரும் சோம்பேறிகள் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த வழியில் போகிறவர் ரிப்பேர் மானுவலை வரிவரியாகப் படித்து, வேலை செய்பவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

பாகங்களும் உங்கள் தலையில். ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் அலைந்தால் கிடைக்கும். ஹெரால்டுக்கு இயந்திர பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். விலையைவிடக் கப்பல் கூலியும் சுங்கமும் கனம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் பார்க்கும்போது கார் விளக்கு வளையமோ மீட்டரோ கண்ணில் பட்டால் விடாதீர்கள், மறுவாரம் போனால் இருக்காது.

வாரத்தில் இரண்டு நாளாவது ஊரில் இருப்பவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

## வழி மூன்று: பெரிய ஊர்ப் பட்டறை

சென்னையிலும் கோவையிலும் பழைய கார்களை மட்டுமே எடுத்துச் செய்யும் பட்டறைகள் உண்டு. நல்ல பட்டறை என்றால் வேலை வீட்டில் வராத அளவுக்கு வரும். சேசிஸ் கிளைகள் மொத்தமாக உளுத்திருந்தால், அதை அளவுச் சட்டத்தில் ஏற்றி நேர்பார்த்துப் பற்றவைக்க இவர்களால்தான் முடியும். நம் தெருக்கள் அகலமானவை, பிளாட்பெட் லாரி பின்வாசல் வரை வந்துவிடும்.

எங்கள் பங்காளி வீட்டு வண்டி ஒன்று இப்படி வெளியூர்ப் பட்டறைக்குப் போனது. முன்பணம் கொடுத்தார்கள், முதல் மாதமே பிரித்துவிட்டார்கள். பிறகு பிரித்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டரை வருஷம் கழித்து அரிசி மூட்டைகள் போல ஒன்பது சாக்கில் பாகங்கள் வீட்டுக்கு வந்தன. ஒரு கதவுக் கைப்பிடி வேறு வண்டியுடையது. அந்த வீட்டு ஆச்சி சாக்குகளைப் பார்த்துவிட்டு, "இதுக்கா அனுப்புனீங்க?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார்கள்.

எனவே அனுப்புமுன் மூன்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு பாகத்தையும், அடிப்பக்கம் உட்பட, படமெடுத்துப் பட்டறையிடம் கையெழுத்து வாங்குங்கள். மொத்தத் தொகை பேசாமல், வேலைக்கட்டம் முடிய முடியப் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அந்தப் பயணச் செலவும் வண்டிச் செலவுதான், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

## வழி நான்கு: மேலே கை வைக்காமல், ஓட மட்டும்

இதை யாரும் கேட்பதில்லை. நம் ஊர் வண்டிகளில் பாதிக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஐயா கை பட்டுத் தேய்ந்த ஸ்டியரிங், மங்கிய பழைய பெயிண்ட், சொந்தக் குஷன் எல்லாம் ஒருமுறைதான் கிடைக்கும். புதுப்பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம்.

செய்ய வேண்டியது இது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு கையால் எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். சுற்றும் முன் செல்ஃப் போட வேண்டாம். டேங்க்கில் அரக்காக உறைந்த பெட்ரோலைக் கழுவி எடுங்கள். பெட்ரோல் ஹோஸ் அனைத்தையும் மாற்றுங்கள். இன்று பெட்ரோல் பங்க்கில் வருவது எத்தனால் கலந்த இ20, பழைய ரப்பரை அது கரைத்துவிடும், எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரி மாட்டுமுன் எர்த் பாசிட்டிவா நெகட்டிவா என்று பாருங்கள், அந்தக் காலத்து வண்டிகளில் இரண்டும் உண்டு. டயர் தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டும். பிரேக்கில் மட்டும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கே ஒரு குழாய் ஒழுகினாலும் பெடல் தரைக்குப் போய்விடும்.

## ஒரு பார்வையில்

| | நம் கையால் | ஆள் வரவழைத்து | பட்டறை | ஓட மட்டும் |
|---|---|---|---|---|
| கைக்காசு | குறைவு, கருவிக்குத் தனியே | நடுத்தரம் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| காலம் | பல வருஷம் | இரண்டு, மூன்று வருஷம் | சொன்னதைவிடக் கூடும் | சில மாதம் |
| மறைந்த செலவு | தனி மின் லைன், முகமூடி | அலைச்சல், மேற்பார்வை | பயணம், காணாமல் போகும் பாகம் | தள்ளிப்போட்ட துரு |
| பாகம் தொலையும் பயம் | உங்கள் கவனம் | குறைவு | அதிகம் | இல்லை |
| உளுத்த சேசிஸுக்கு | ஆகாது | நல்ல டிங்கர் இருந்தால் | இதுதான் | ஆகவே ஆகாது |

## சேசிஸ் மேல் வேறு பாடி வைக்கலாமா?

இளைஞர்கள் கேட்கிறார்கள்: மேலே உள்ளது உளுத்துவிட்டது, இங்கிலாந்துக்காரர்கள் போல ஃபைபரில் திறந்த பாடி செய்து வைத்தால் என்ன? ஆசை புரிகிறது, வழி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. செய்த வண்டி ஷெட்டை விட்டு வெளியே வர முடியாது. நிறம் மாற்றுவது வேறு விஷயம், அதை ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம்.

## விண்டேஜ் பதிவா, சாதாரணப் புதுப்பிப்பா?

ஐம்பது வயது கடந்த வண்டிக்கு 2021 முதல் தனி விண்டேஜ் பதிவு இருக்கிறது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவோடு கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். பிள்ளையார்பட்டிக்கு வாராவாரம் குடும்பத்தோடு போக வேண்டும் என்றால், எப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் பழைய வழியிலேயே இருங்கள். பழைய பதிவேடு கம்ப்யூட்டரில் ஏறாமல் கிடக்கலாம். அதனால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு முதல் நடையை வேலை தொடங்குமுன் போய்விட்டு வாருங்கள்.

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டார். சாந்திக்கு எட்டு மாதம், சேசிஸ் தட்டினால் நல்ல சத்தம், அவர் பெங்களூரில் வேலை. நான்காவது வழியைச் சொன்னேன்: பிரேக், டயர், ஹோஸ், ட்ரனியனுக்கு ஆயில், அவ்வளவே. பெயிண்டைத் தொட வேண்டாம், பாடியைத் தூக்க வேண்டாம். அவர் ஊருக்கு வந்து செட்டில் ஆனபிறகு இரண்டாவது வழிக்குப் போகலாம். பாடியைத் தூக்கும் நாளில் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பாட்டில், அதே பாட்டிலில் அந்த இடத்துத் தகடுகள், வெளியே எத்தனை என்று எண்.